கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு செய்தி

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்றைக் கொன்றது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது பட்டுப்போகத் தொடங்கியபோது பழியை நான் இன்னொருவர் மேல் போட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கன்று போனதை மனைவி எப்போதோ மன்னித்துவிட்டாள். மற்றதைப் பற்றி அவள் கதைப்பதில்லை.

பாரிசின் லா சப்பலில் நாங்கள் இருப்பது நான்காம் மாடி. இரண்டு அறை, ஒரு வரவேற்பறை, ஒரு குசினி, பின்முற்றத்தைப் பார்த்தபடி ஒடுங்கிய ஒரு பல்கனி. நான் ஓய்வு பெற்ற வருடத்தில் அந்தப் பல்கனி மனைவியின் வளவாகிவிட்டது. பெயின்ற் வாளியில் கத்தரி, மீன்கடை ரெஜிபோம் பெட்டியில் கீரை, அரிசிப் பையில் இஞ்சி, கம்பியைப் பிடித்து ஏறிப் பக்கத்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கும் பயிற்றங்கொடி. தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டு மதாம் கதவைத் தட்டுவார். மனைவி ஒரு கத்தரிக்காயைக் கையில் கொடுத்து அனுப்புவாள். அடுத்த கிழமையும் தண்ணீர் சொட்டும்.

எல்லாவற்றுக்கும் தலைமை கறிவேப்பிலை. ஊறுகாய் வந்த நீல நிறப் பீப்பாயில் மனைவியின் தோள் உயரத்துக்கு நின்றது. குளிர் தொடங்கியதும் இருவருமாக அதை இழுத்துக்கொண்டு வந்து வரவேற்பறையில் சூடு தரும் சொபாஜுக்குப் பக்கத்தில், ஆனால் சூடு நேரே படாமல், வைப்போம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதற்கு இடம் விட்டு ஒதுங்கித்தான் இருக்க வேண்டும். அயலில் இருக்கும் பெண்கள் ஒரு நெட்டு இலை கேட்டு வருவார்கள். மனைவிதான் முறித்துக் கொடுப்பாள், அதுவும் பொழுதுபட முன்னர். வந்தவர்களில் யாராவது தாங்களே கையை நீட்டினால், "இஞ்சை விடுங்கோ, நான் முறிச்சுத் தாறன்" என்று நடுவில் புகுந்துவிடுவாள். துடக்கு உள்ள கை பட்டால் கறிவேப்பிலை கருகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. மாதவிலக்கு நாளிலா இல்லையா என்று வந்தவர்களைக் கேட்க முடியாது. ஆகவே மனைவி யாரையும் தொடவிடுவதில்லை.

நான் ஊரில் ஆசிரியராக இருந்தவன். படிப்பித்தது இரசாயனம். துடக்குக் கதையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2009 மே மாதம் எங்கள் தெருவில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த கிழமை மனைவி கட்டிலுக்குக் கீழே கிடந்த தையல் மெஷினை இழுத்து எடுத்தாள். முகாம்களில் இருக்கும் சிறுவர்களுக்குச் சட்டை தைக்கப் போகிறேன் என்றாள். ரூ காய் தெருச் சேலைக் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாள். துண்டுகள் அப்படியானவை, ஜரிகைக் கரை வைத்தவை, கல் ஒட்டியவை. முள்ளுக்கம்பிக்குள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஒரு சிறுமி ஜரிகைக் கரை போட்ட சட்டையுடன் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தைத்தாள்.

எனக்குத் தைக்கத் தெரியாது. அயன் பண்ணுவது என் வேலை. "கசங்கினபடி பெட்டிக்குள்ளை போட்டால் என்ன, அங்கை போகக் கசங்கும்தானே" என்று ஒருநாள் கேட்டேன்.

"அகதிக்கு அனுப்புறம் எண்டிட்டுக் கசங்கலா அனுப்புறதே?" என்றாள். நான் அயன் பெட்டியைத் திரும்பச் சூடாக்கினேன்.

பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அயன் பெட்டிக்குள் அது படிந்து, ஆவி வரும் ஓட்டைகளால் வெள்ளைத் தூளாகத் துணியில் கொட்டும். வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிச் சூடாக்கி, ஆறவிட்டுக் கவிழ்த்தால் படிவு கரைந்து வந்துவிடும். அமிலமும் காபனேற்றும். வகுப்பில் பலமுறை செய்து காட்டியதுதான். கவிழ்த்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று பார்த்தேன். ஊரில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவார்கள், இலை செழிக்கும். புளிப்பு அதற்கு நல்லது என்றால் இதுவும் புளிப்புத்தானே. பீப்பாய்க்குள் ஊற்றினேன். முதல் வருடம் மாதத்தில் ஒருமுறை அப்படி ஊற்றியிருப்பேன். கன்று நன்றாகவே இருந்தது. அந்தச் செழிப்பில் எனக்கும் பங்கு உண்டென்று மனதுக்குள் ஒரு பெருமை. மனைவியிடம் சொல்லவில்லை. ஒருநாள் சொல்லி அவளை அசத்தலாம் என்று வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். வன்னியில் இருந்து வந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் இல்லாமல் போனார். இவர் இங்கே அகதி வழக்குப் போட்டிருந்தார், முடிவு வரவில்லை, இருக்க இடமில்லை. எங்கள் மகள் கல்யாணம் முடித்துப் போன பிறகு அவளுடைய அறை சும்மா கிடந்தது. மனைவி கூட்டி வந்துவிட்டாள். நாங்கள் இருவரும் அவரைப் பிள்ளை என்றே கூப்பிட்டோம்.

பிள்ளை காலையில் ஒரு உணவகக் குசினியில் மரக்கறி வெட்டும் வேலைக்குப் போவார். பின்னேரம் வந்து மெஷினில் இருப்பார். கிளிநொச்சியில் தையற்கடையில் வேலை செய்தவராம். மனைவி ஒரு சட்டையின் கழுத்தைத் திருப்பி முடிக்கமுன் பிள்ளை மூன்று சட்டை முடித்துவிடுவார். இருவரும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்து தைத்துக்கொண்டே சிரிப்பார்கள். மனைவி அப்படிச் சிரித்து நான் பல வருடமாகக் கேட்டதில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். வேறொரு காரணமும் இருந்தது. தேநீர்க் கடையில் நண்பர்களோடு யுத்தத்தைப் பற்றி நன்றாகக் கதைக்கிறவன் நான். பிள்ளை வீட்டில் இருக்கும்போது என்னால் கதைக்க முடியவில்லை. ஒருமுறை முயன்றேன்.

"அந்த நேரம் நாங்கள் இஞ்சை கொடி பிடிச்சுக்கொண்டு றோட்டிலை எவ்வளவு நாள் நிண்டனாங்கள், தெரியுமோ பிள்ளை" என்றேன்.

"ஓம் ஐயா. றேடியோவிலை கேட்டனாங்கள். பங்கருக்குள்ளை" என்றார். பிறகு ஊசியில் நூலைக் கோத்தார். அவர் குத்திக் கதைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் எழும்பிப் போய் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குளிர்காலம் கறிவேப்பிலை இலை கொட்டத் தொடங்கியது. நுனிகள் கருகின. பிறகு நெட்டு நெட்டாக விழுந்தது. மனைவி சொபாஜில் இருந்து தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள், மண்ணைக் கிளறினாள். நெட்டுக் கேட்டு வந்த ஒரு பெண், குரலைத் தாழ்த்தி, "புதுசா ஆள் வந்திருக்கெல்லே. தொட்டிருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருநாள் மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் வரவேற்பறைக்கு வந்தபோது பிள்ளை பீப்பாய்க்கு முன்னால் குந்தியிருந்து, காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை" என்றேன். "குறை நினைக்காதையும். வீட்டுக்குத் தூரமான நாளிலை அந்தக் கண்டைத் தொடாமல் இருந்தால் நல்லது."

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"எனக்கு அது வாறேல்லை ஐயா."

"என்ன?"

"நீங்கள் சொல்லுறதுதான். வட்டுவாகலாலை வெளியிலை வந்த மாசத்தோடை நிண்டுபோச்சு. இஞ்சை டொக்டரும் மருந்து தந்தவ. வந்தால் நல்லம் எண்டுதான் நானும் பாத்துக்கொண்டு இருக்கிறன்." மடியில் இருந்த இலைகளைக் கூட்டி எடுத்துக்கொண்டு எழும்பினார். "வந்தால் முதல் உங்கடை கண்டுக்குச் சொல்லிவிடுறன்."

 என் வயது ஆண் ஒருவனிடம் ஒரு பெண் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொல்ல வைத்தவன் நான். வட்டுவாகல் பாலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். சனம் கையை உயர்த்தியபடி தண்ணீருக்குள்ளால் வருவதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவரின் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்று ஒருமுறையாவது நினைத்ததில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. அவர் குசினிக்குப் போய் மெஷினை ஓட்டத் தொடங்கினார். அந்தச் சத்தத்தோடு நான் அங்கேயே நின்றேன்.

அந்தக் கிழமையே பிள்ளை போய்விட்டார். பாரிசுக்கு வெளியே சார்செலில் தெரிந்த குடும்பம் ஒன்றில் அறை இருக்கிறது, வேலைக்கும் அதுதான் வசதி என்று மனைவியிடம் சொன்னார். வசதி எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வேலை லா சப்பலில்தான். நான் சொன்னதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"என்ன குறை வைச்சனான் அந்தப் பிள்ளைக்கு?" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "வன்னிச் சனத்துக்கு நாங்கள் ஒத்துவராது போலை" என்றும் ஒருநாள் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை. என் மௌனம்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தது. அப்போதும் நான் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளை போன பிறகும் கன்று தேறவில்லை. வெறும் தடிகளாக நின்றது. எனக்கு ஒரு பதற்றம். அது தளிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை மேல் போட்ட பழியை நானே பார்க்க வேண்டிவரும். அதனால் அயன் பெட்டித் தண்ணீரை இன்னும் அடிக்கடி ஊற்றினேன். துணி குறைவாக இருந்த கிழமைகளிலும் அதற்கென்றே வினாகிரி கலந்து ஊற்றினேன்.

வெயில் வந்ததும் பீப்பாயைப் பல்கனிக்கு இழுத்தோம். மண் சூடேறியது. மத்தியானம் நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தபோது ஒரு மணம் வந்தது. கீழ்வீட்டில் சலாது கலக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு குனிந்தேன். மண்ணில் விரலை விட்டு மூக்கடியில் வைத்தேன்.

வினாகிரி. அமிலம் என்ன செய்யும் என்று முப்பது முப்பது பேராக எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தவன். மோரின் புளிப்பு எங்கே, போத்தல் வினாகிரியின் புளிப்பு எங்கே. கன்று கருகத் தொடங்கிய காலத்தை யோசித்தேன். பிள்ளை வந்த பிறகுதான், அது சரி. பிள்ளை வந்து ஒன்றுக்கு மூன்றாகச் சட்டை தைத்தார். நான் ஒன்றுக்கு மூன்றாக அயன் பண்ணினேன். பெட்டி ஒன்றுக்கு மூன்றாகச் சுண்ணாம்பு பிடித்தது. தண்ணீர் எல்லாம் இங்கே வந்தது.

அன்றைக்கே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வினாகிரியை முதலில் சொன்னேன், ஏனென்றால் அது சொல்ல இலகு. அதற்கு அவள், "படிச்ச மனுசன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு மற்றதைச் சொன்னேன். பிள்ளை சொன்ன பதிலையும் சொன்னேன். கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"இவ்வளவு காலமும் நான் அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டு இருந்தனான். நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓம்."

"அங்கை இருக்கிறதுகளுக்குத் தைச்சுத் தைச்சு அனுப்புறம். அங்கையிருந்து வீட்டுக்கு வந்ததையும் அனுப்பிப்போட்டியள்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் து நோர் நிலையத்தில் ஆர்ஈஆர் டி ரயில் எடுத்துச் சார்செல் போனேன். மனைவி வரவில்லை. "நீங்கள் சொன்னதை நீங்கள்தான் போய் எடுக்கோணும்" என்றாள். உயரமான கட்டடங்கள், எல்லாம் ஒன்றுபோல். பிள்ளை இருந்தது பதினோராம் மாடி. கதவைத் திறந்து, ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், "வாங்கோ ஐயா, லிப்ட் வேலை செய்ததோ?" என்றார். தேநீர் தந்தார்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை. "பிள்ளை, கண்டைச் சாகடிச்சது நான். அயன் பெட்டி வினாகிரியை ஊத்தி" என்று ஒரேயடியாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "வினாகிரியோ?"

"மோர் மாதிரி எண்டு நினைச்சிட்டன்."

"ஐயா ஊரிலை என்ன பாடம் படிப்பிச்சனீங்கள்?"

"இரசாயனம்."

சிரிக்கத் தொடங்கினார். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் அடங்கிய பிறகு, "நான் அண்டைக்குச் சொன்னது பெரிய பிழை" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். இல்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்படி கேட்டேன். "இல்லை ஐயா. இஞ்சை இருக்கிறன்" என்றார். கோப்பைகளை எடுத்துக்கொண்டு, "அன்ரி கழுத்து வளைவை இன்னும் இழுத்துத்தான் தைக்கிறாவோ? துணியை வெட்டிக் குடுத்துவிடச் சொல்லுங்கோ, நான் தைச்சுத் தாறன்" என்றார்.

அப்படித்தான் அது தொடர்ந்தது. மனைவி வெட்டிக் கட்டிக் கொடுப்பாள். நான் சார்செலுக்குக் கொண்டுபோவேன். தைத்ததை வாங்கி வந்து அயன் பண்ணுவேன். முகாம்கள் மூடிய பிறகு பெற்றோர் இல்லாத சிறுவர்களின் இல்லம் ஒன்றுக்குத் தைத்தார்கள். பிள்ளையின் வழக்கு வென்றது, வதிவிடக் காட் கிடைத்தது, தனக்கென்று ஒரு சிறிய வீடு எடுத்தார், அதே கட்டடத்தில். மனைவியும் அவரும் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். என்னை அவர் கதவடியில் நிற்க வைத்தே துணியை வாங்கிக்கொள்வார். உள்ளே வரும்படி சொன்னது அந்த முதல் நாள் மட்டும்தான். நான் எதிர்பார்க்கவும் இல்லை. ரூ காயில் புதிய கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கினோம். அதற்கு நான் எதையும் ஊற்றுவதில்லை.

சில வருடங்கள் அப்படிப் போயின. ஒருநாள் வழக்கம்போல் துணிக்கட்டோடு போய் மணியை அடித்தேன். பிள்ளை கதவைப் பாதி திறந்து கட்டை வாங்கிக்கொண்டார். நான் திரும்பினேன்.

"ஐயா."

நின்றேன்.

"வீட்டை போய் உங்கடை கண்டுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"என்னத்தைப் பிள்ளை?"

"சொல்லுங்கோ. அதுக்கு விளங்கும்" என்றார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். கதவு மூடியது.

லிப்ட் வந்து திறந்து, மூடி, என்னை விட்டுவிட்டுக் கீழே போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்குச் சொன்னதைப் பிள்ளை மறக்கவில்லை. வந்தால் முதல் உங்கள் கன்றுக்குச் சொல்கிறேன் என்றாரே. வந்துவிட்டது. அந்தப் பாலத்தைக் கடந்த மாதத்தில் நின்றுபோனது வந்துவிட்டது. சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்த ஒரு ஆபிரிக்கப் பெண் எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து, "ஸா வா, மெசியூ?" என்று கேட்டார். சுகம்தான் என்றேன். அவர் நம்பவில்லை. அவர் என் முழங்கையைப் பிடித்து அடுத்த லிப்டில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தச் செய்தியைப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே சொன்னேன். மனைவிக்கு உடனே விளங்கியது. மெஷினை நிறுத்தினாள். குசினிக்குப் போய் அலுமாரியின் மேல்தட்டில் இருந்து உழுத்தம்மாவை எடுத்தாள். நல்லெண்ணெயை எடுத்தாள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் கிண்டிக் கொடுக்கும் உழுத்தங்களியை, நாற்பது வயதை நெருங்கும் ஒரு பெண்ணுக்காக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிண்டினாள்.

அடுத்த நாள் காலை களிச்சட்டியைத் துவாயால் சுற்றி ஒரு பையில் வைத்தாள். "சூடு ஆறமுன்னம் போகோணும்" என்றாள். நான் பல்கனிக்குப் போனேன். புதிய கன்று வேரில் இருந்து ஒரு பக்கக் குட்டி விட்டிருந்தது. போன கோடையில் மனைவி அதைப் பிரித்துத் தயிர் வாளி ஒன்றில் நட்டிருந்தாள். அதை இன்னொரு பையில் எடுத்துக்கொண்டேன். மனைவி பார்த்தாள். தடுக்கவில்லை.

பிள்ளை கதவைத் திறந்ததும் நல்லெண்ணெய் மணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

"அன்ரிக்கும் சொல்லிப்போட்டியளோ?"

"கண்டுக்குச் சொல்லேக்கை அவவுக்கும் கேட்டிட்டுது."

சட்டியை வாங்கினார். மற்றப் பையை எட்டிப் பார்த்தார். "இதை ஏன் கொண்டந்தனீங்கள்? அதுவும் இண்டைக்குப் பாத்து."

"இண்டைக்குத்தான் கொண்டரோணும் பிள்ளை. தொட்டுப் பாரும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, யோசிக்காமல், கன்றின் நுனியைக் கிள்ளினார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் திக்கென்றது.

"நுனியைக் கிள்ளினால்தான் ஐயா கிளைக்கும்" என்றார். கிள்ளியதை முகர்ந்தார். "உள்ளை வாங்கோ. களி தனியத் தின்னேலாது."

உள்ளே போனேன். யன்னலடியில் ஒரு இடத்தை ஒதுக்கித் தயிர் வாளியை வைத்துவிட்டு, திரும்பி, கேட்டார்.

"அயன் பெட்டித் தண்ணியை இப்ப எங்கை ஊத்துறியள்?"

"கக்கூசுக்குள்ளை."

"அது போதும்" என்றார்.